மீன் ஹார்மோன் படிச்சவ ஊமத்தை விதைக்கு சாட்சி சொல்லப் போனது

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். காலேஜ்ல ஜுவாலஜியோ பாட்டனியோ எடுக்குறவங்க யார்கிட்ட வேணும்னாலும் நாளைக்கு ஒரு ஏட்டு வந்து ஒரு கவர நீட்டி "இது என்னன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க மேடம்"னு கேக்கலாம். கேட்டா சரின்னுதான் சொல்லுவோம், நல்ல காரியம்தானே. ஆனா அதுக்கு பெறவு என்னெல்லாம் வரும்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. கூட வந்து நிக்கவும் ஆள் இல்ல. அதனாலதான் ஒண்ணு விடாம சொல்லுதேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜ்ல ஜுவாலஜி புரொஃபசர். என் ஆராய்ச்சி எல்லாம் மீன் ஹார்மோன்லதான். தாமிரபரணி பாபநாசத்துல இறங்கும்போது இருக்குற தண்ணி வேற, திருநெல்வேலி டவுன் சாக்கடையும் ஜங்ஷன் சாக்கடையும் சேந்த பெறவு இருக்குற தண்ணி வேற, இது குளிக்கப் போற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சாக்கடையோட சேந்து ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனும் ஆத்துக்குப் போவுது, மனுசங்க சிறுநீர் வழியா வெளியேறுறது, கருத்தடை மாத்திரைல இருக்குறதுன்னு பல வழில. அது ஆண் மீன என்ன பண்ணுதுங்கிறதுதான் என் கேள்வி. வைட்டெல்லோஜெனின்னு ஒரு புரதம் இருக்கு, முட்டையோட மஞ்சக்கருவுக்கு வேண்டியது, பொட்ட மீனோட ஈரல்ல உண்டாகும். ஆண் மீனுக்கும் அந்த ஜீன் உண்டு, ஆனா ஈஸ்ட்ரோஜன் போதாததால சும்மா கிடக்கும். ஆண் மீன் ரத்தத்துல அந்த புரதம் கூடுதலா தெரிஞ்சா தண்ணில ஏதோ வருதுன்னு அர்த்தம். 1990கள்ல இங்கிலாந்து ஆறுகள்ல இத வச்சுதான் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்கால கொலராடோ பல்கலைக்கழகத்துல டேவிட் நாரிஸ்னு ஒரு பேராசிரியர், அவரும் அவர் குழுவும் போல்டர் கிரீக்னு ஒரு ஓடைல சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்கு மேல பிடிச்ச மீனையும் கீழ பிடிச்ச மீனையும் ஒப்பிட்டு, கீழ பெண் மீனுதான் ரொம்ப அதிகம், ஆணும் பெண்ணும் கலந்த உறுப்போட உள்ள மீனும் இருக்குன்னு காட்டுனாங்க. பின்னாடி அந்த நிலையத்த மேம்படுத்தினதும் பாதிப்பு குறைஞ்சதையும் அவங்களே காட்டுனாங்க. நம்ம ஆத்துலயும் அத மாதிரி ஒண்ணு செய்யணும்னுதான் எனக்கு ஆசை.

இந்த வேலைக்கு வர்ற பசங்களுக்கு ரெண்டு விசயம் சொல்லிடுதேன். ஆத்துல சுலபமா கிடைக்குதேன்னு ஜிலேபிக் கெண்டைய எடுக்காதீங்க. பண்ணைகள்ல அது எல்லாமே ஆணா வளரட்டும்னு குஞ்சுலயே மீத்தைல் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் போடுற வழக்கம் உண்டு, அங்கருந்து தப்பி வந்த மீன் உங்க வலைல விழுந்தா மொத்த கணக்கும் கெட்டுப் போயிடும். நான் கெளுத்திய எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு, மன அழுத்த ஹார்மோன் கார்டிசோலும் பாக்கணும்னா வலைல மாட்டுன சில நிமிசத்துக்குள்ள வாலடி ரத்தக்குழாய்ல இருந்து ரத்தம் எடுத்துரணும். பக்கெட்ல போட்டு லேபுக்கு கொண்டு வந்து நிதானமா எடுத்தா நீங்க அளக்குறது மீன் பக்கெட்ல பட்ட பாட்டத்தான், ஆத்தப் பத்தி அதுல ஒண்ணும் இருக்காது.

சரி, இதுல செடி எங்க வந்துச்சுன்னு கேப்பீங்க. மீன் என்ன தின்னுருக்குன்னு தெரியணும்ல, அதுக்காக குடல கீறி உள்ள உள்ளத மைக்ராஸ்கோப்புல பாக்கணும். பாதிக்கு மேல செடித் துணுக்கா இருக்கும். பாசி, இலைத்தோல், விதைத்தோல், கரைல துணி துவைக்கிறவங்க சாப்பிட்டுட்டு கழுவி ஊத்துன சோத்துப் பருக்கை வரைக்கும். மீன் வயித்துல மட்டுமில்ல, மனுசன் வயித்துலயும் செடியோட செல்சுவர் செரிக்காது, செல்லுலோஸ செரிக்கிற என்சைம் நம்மகிட்ட கிடையாது. அதனால கொதிக்க வச்சாலும் மென்னு தின்னாலும் அந்த செல்லோட உருவம் அப்படியே நிக்கும். கொய்யாப்பழம்னா நறநறன்னு கடிபடுற கல் செல், வெங்காயத் தோல்ல கால்சியம் ஆக்சலேட் படிகம், கத்தரி இலைல நட்சத்திரம் மாதிரி விரிஞ்ச ரோமம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளம் உண்டு. வருசக்கணக்கா பாத்துப் பாத்து எனக்கு அது பழகிப் போச்சு. பாட்டனி டிபார்ட்மென்ட்ல ஒரு அக்கா உக்காந்து சொல்லிக் குடுத்தாவ, நான் ஸ்லைடு போட்டு லேபிள் ஒட்டி ஒரு பெட்டி நிறைய சேத்து வச்சிருந்தேன்.

இந்தப் பெட்டி விசயம் எப்படியோ ஒரு ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கு. மேற்கே ஒரு கிராமத்துல வயசான புருசன் பொண்டாட்டி, பழக்கமான ஒரு ஆள் கொண்டு வந்து குடுத்த குழம்ப ஊத்தி சாப்பிட்டுட்டு ராத்திரியே நாக்கு வறண்டு, கண்ணு பாப்பா விரிஞ்சு, இல்லாத ஆள்கிட்டெல்லாம் பேச ஆரம்பிச்சிருக்காங்க. விடிஞ்சு பாத்தா நகை இல்ல. ஆஸ்பத்திரில பிழைச்சுட்டாவ, அதுவே பெரிய விசயம். (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்த மாத்திருக்கேன்.) மிச்சக் குழம்புல ஒரு பங்கு ரசாயனப் பரிசோதனைக்குப் போயிருச்சு, அதுல கிடந்த விதை என்ன விதைன்னு தனியா ஒரு கருத்து வேணும்னு என்கிட்ட வந்தாங்க.

கவரப் பாத்ததும் எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஈரத்தோட விதைய பாலிதீன் கவர்ல போட்டு முடிச்சு போட்டுருந்தாங்க, மேல எல்லாம் பூஞ்சை பூத்து நிக்கி. நல்ல வேளை உள்ள விதை கெடல. இத போலீஸ்ல இருக்குறவங்க படிச்சா தயவு செஞ்சு மனசுல வச்சுக்கோங்க, செடி, இலை, விதை எதுவா இருந்தாலும் நியூஸ்பேப்பர்ல வச்சு காய விட்டு காகிதக் கவர்ல போடணும். பாலிதீன்ல ஈரம் வெளிய போவாது, ரெண்டு நாள்ல அழுகிரும். குழம்பு மாதிரி உள்ளத கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சு, ரசாயனப் பரிசோதனைக்கு உள்ள பங்க முதல்ல பிரிச்சு எடுத்துட்டுதான் மத்ததத் தொடணும். ஃபார்மலின் ஊத்தி வச்சுடுதோம்னு யாராவது சொன்னா விடாதீங்க, விஷம் பாக்குற வேலைய அது கெடுத்துரும். வாங்குறவங்களுக்கும் ஒண்ணு இருக்கு, கைல நேரா கொண்டு வந்து குடுத்தா வாங்காதீங்க. மாஜிஸ்திரேட் கோர்ட் மூலமா கடிதத்தோட வரணும், என்ன கேள்விக்கு பதில் வேணும்னு அதுல எழுதிருக்கணும். அன்னைக்கு நான் இப்படி கேட்டதும் ஏட்டய்யா மூஞ்சி மாறிப் போச்சு, "ஒரு விதைக்கு இவ்வளவா மேடம்"னாரு. ஆனா திரும்பப் போயி முறையா கொண்டு வந்தாரு, அவருக்கு இன்னைக்கும் நன்றி சொல்லுவேன். வந்ததும் சீல் உடையாம இருக்கான்னு பாத்து, பிரிக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பிரிச்சதும் ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ, எடை, தேதி, நேரம், எல்லாத்தையும் நோட்ல பேனால எழுதுனேன்.

இப்ப விதைக்கு வாரேன். ஊமத்தை, மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் ஒரே குடும்பம், விதை பாக்க ஒண்ணு போல இருக்கும். ஊமத்தை விதைய மிளகாய் விதையோட கலந்தா தெரியாதுங்கிறதாலதான் காலங்காலமா இந்த வேலைக்கு அத எடுக்காங்க. நிறத்த நம்பவே கூடாது, புளித்தண்ணில கொதிச்சா மஞ்சளா இருந்த மிளகாய் விதையும் பழுப்பாயிடும். பாக்க வேண்டியது வேற. ஊமத்தை விதை தடிப்பா சிறுநீரகம் மாதிரி இருக்கும், மேல்தோல்ல குட்டிக் குட்டிக் குழி இருக்கும், வளைஞ்ச விளிம்புல ரெட்டை வரப்பு ஓடும். மிளகாய் விதை தட்டையா வழவழன்னு வட்டமா இருக்கும், விளிம்பு ஒத்தை. அப்புறம் பிளேடால நீளவாக்குல ரெண்டா கீறிப் பாக்கணும், உள்ள வெள்ளையா புழு மாதிரி கரு சுருண்டு கிடக்கும். மிளகாய்ல அதோட நுனி உள்பக்கமா சுருண்டு 6னு எழுதுன மாதிரி இருக்கும், ஊமத்தைல விதை காம்பு ஒட்டுன இடத்துக்கிட்ட நுனி வெளிப்பக்கமா வளைஞ்சிரும். லென்ஸ் வச்சாலே தெரியும். பழைய புத்தகத்துல ஊமத்தை கசக்கும், மிளகாய் காரமா இருக்கும்னு எழுதிருப்பாங்க, அதப் படிச்சுட்டு வாயில வச்சு கடிச்சுப் பாத்துராதீங்க, அட்ரோபின், ஹையோசின்னு விஷம் எல்லாம் அதுல இருக்கு.

விதை முழுசா கிடைச்சதாலதான் நான் ஒத்துக்கிட்டேன். அரைச்சு தூளாக்கிக் கொண்டு வந்திருந்தா என்னால சொல்ல முடியாதுன்னு எழுதிக் குடுத்திருப்பேன், ஏன்னா இந்தக் குடும்பத்து விதைத்தோல் செல்லெல்லாம் நெளிநெளியா தடிச்ச சுவரோட கிட்டத்தட்ட ஒண்ணு போலதான் இருக்கும். அப்பவும் எனக்கு மனசு ஆறல, ஒரு ஆளோட ஜெயில் வாழ்க்கை இதுல இருக்கேன்னு ராத்திரி தூக்கம் வராது. அதனால குளத்தங்கரைல ஊமத்தங்காய் பறிச்சு, பாட்டனி அக்காகிட்ட செடிய உறுதிப்படுத்திட்டு, மார்க்கெட்ல மிளகாய், கத்தரி, தக்காளி வாங்கி, எல்லா விதையையும் புளித்தண்ணில தனித்தனியா கொதிக்க வச்சேன். எங்க லேப் அண்ணாச்சி அதையெல்லாம் நம்பர் மட்டும் போட்ட டப்பால மாத்தி வச்சாரு, எது எதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் பிரிச்சு எழுதி முடிச்ச பெறவுதான் அவரு லிஸ்ட்ட எடுத்து சரி பாத்தோம், சரியா வந்துச்சு. அந்தப் பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இத மட்டும் யாரும் விட்டுராதீங்க. அறிக்கைல குழம்புல மிளகாய் விதையும் இருக்கு, ஊமத்தை விதையும் இருக்கு, எத்தனை எத்தனைன்னு தனித்தனியா எழுதுனேன். யார் போட்டா, எவ்வளவு போட்டா, அதனாலதான் மயங்குனாங்களா, இதுல ஒரு வார்த்தை கூட எழுதல. அது டாக்டர் வேலை, கோர்ட் வேலை.

அறிக்கை குடுத்தா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அரசு தடயவியல் லேப் நிபுணரோட அறிக்கைய அவர நேர்ல கூப்பிடாமலே கோர்ட் சான்றா எடுத்துக்கலாம்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 293ஆவது பிரிவு, இப்ப புதுச் சட்டத்துல 329. அந்தப் பட்டியல்ல காலேஜ் புரொஃபசர் கிடையாது. அப்படின்னா நம்ம அறிக்கை செல்லணும்னா நம்ம கூண்டுல ஏறித்தான் ஆகணும். இது எனக்கு சம்மன் வந்த அன்னைக்குத்தான் தெரியும், அதுவும் செமஸ்டர் பேப்பர் திருத்துற நேரம். கூப்பிட்ட நாள்ல போயி வேப்பமரத்தடில சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா வாய்தா. அடுத்த தடவ வக்கீல்கள் புறக்கணிப்பு. அதுக்கடுத்து ஜட்ஜ் லீவு. இப்படியே வருசம் ஓடிருச்சு. சாட்சிப் படின்னு குடுக்குறது பஸ்ஸுக்கும் டீக்கும் காணும், அவ்வளவுதான். அன்னைக்கு கிளாஸ் எடுக்க மாத்து ஆள் நானேதான் தேடணும், ஆன் டியூட்டி போட காலேஜ்ல கோர்ட் சான்றிதழ் கேப்பாங்க, அத ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி பெஞ்ச் கிளர்க்கிட்ட கேட்டு வாங்கிடுங்க, மறுநாள் போனா கிடைக்காது. மைக்ராஸ்கோப்புல மாட்டுற கேமரா, பிரிண்ட், கார் வாடகைன்னு என் கைக்காசு அம்பதாயிரத்த தாண்டிருச்சு. எங்க அம்மா "உனக்கு எதுக்கு ஏட்டி இந்த போலீஸ் கோர்ட்டெல்லாம், மீனப் பாத்துட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே"ன்னு வாரா வாரம் ஏசுவா. எங்க வீட்டுக்காரரும் வாயத் திறக்க மாட்டாரே தவிர அதத்தான் நினைச்சாரு. பதவி உயர்வுக்கு ஃபைல் போட்டப்ப இந்த வேலைய எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னே இடம் இல்ல, ஆராய்ச்சிக் கட்டுரையும் இல்ல, பாடமும் இல்லன்னு விட்டுட்டாங்க. அன்னைக்கு ரூம்ல கதவ சாத்திட்டு அழுதேன்.

இது நடந்துட்டிருக்கும்போதுதான் 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சுது, ஜங்ஷன் பக்கம் ஆறு தெருவுக்குள்ள வந்துச்சு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க லேப்புக்குள்ள தண்ணி வரல, ஆனா கரண்ட் போயி டீப் ஃப்ரீசர் நின்னு போச்சு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்த ஆள் வர வழி இல்ல. பாபநாசத்துல இருந்து கீழ வரைக்கும் இடம் இடமா எடுத்து சேத்து வச்ச மீன் பிளாஸ்மா எல்லாம் உருகி அறைச் சூட்டுக்கு வந்திருச்சு. திரும்ப உறைய வச்சு அளந்தா ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும், ஆனா புரதம் சிதைஞ்ச பெறவு அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? தூக்கிப் போட்டேன். ஃப்ரிட்ஜ்ல இருந்த, அந்தப் புரதத்த அளக்குற எலைசா கிட்டும் சேந்து போச்சு, பணமா ஒரு லட்சத்துக்கு மேல, உழைப்பு எவ்வளவுன்னு நான் கணக்குப் பாக்கல, பாத்தா தாங்காது. ஊர்ல வீடு போனவங்க, மாடு போனவங்க இருக்கும்போது நான் போயி மீன் ரத்தம் போச்சுன்னு யார்கிட்ட சொல்ல முடியும். ஆனா விதை வழக்கோட நோட்டு, போட்டோ, ஸ்லைடு, மிச்ச விதை எல்லாம் மாடி பீரோல காஞ்ச கவர்ல பத்திரமா இருந்துச்சு, காப்பி வீட்டுலயும் ஒண்ணு.

கடைசில ஒரு நாள் கூப்பிட்டாங்க. அரசு வக்கீல் கேக்குற முதல் விசாரணை சீக்கிரம் முடிஞ்சுது. குறுக்கு விசாரணைக்கு எழுந்த எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவா ஆரம்பிச்சாரு. "நீங்க எம்.எஸ்சி. என்ன பாடம்?" ஜுவாலஜின்னேன். "பி.எச்டி.?" மீன்களோட ஹார்மோன்னேன். "தாவரவியல்ல பட்டம்?" இல்லங்கய்யான்னேன். உடனே ஜட்ஜ் பக்கம் திரும்பி, "ஒரு மீன் டாக்டர் சொல்றத வச்சு இது ஊமத்தைன்னு நம்பணுமாம்"னாரு, பின்னாடி சிரிப்பு. எனக்கு காதெல்லாம் சூடாயி கை நடுங்குச்சு, கூண்டுக் கட்டைய பிடிச்சுக்கிட்டேன். ஆனா அந்த டப்பா சோதனைப் பேப்பர் கைல இருந்துச்சு. நிபுணர் சாட்சி தன் குறிப்பையும் துறை நூலையும் பாத்து பதில் சொல்லலாம்னு சட்டமே இருக்கு, பயப்படாம "குறிப்பப் பாத்து சொல்லுதேன்"னு கேளுங்க. அவரு "குழம்புல மிளகாய் போட மாட்டாங்களா"ன்னாரு. போடுவாங்க, மிளகாய் விதையும் இருந்துச்சு, அறிக்கைல எண்ணி எழுதிருக்கேன்னேன். "கத்தரிக்காய் விதையா இருக்கக் கூடாதா"ன்னாரு. அதையும் கொதிக்க வச்சு ஒப்பிட்டுப் பாத்தேன், பேப்பர் இருக்குன்னு குடுத்தேன். "என் கட்சிக்காரர்தான் போட்டாருன்னு சொல்றீங்களா?" அது எனக்குத் தெரியாதுங்கய்யா, விதை எதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்னேன். ஜட்ஜ் லென்ஸ் கேட்டு வாங்கி கீறுன விதைய அவரே பாத்தாரு. அதுக்கு மேல வக்கீல் ரொம்ப கேக்கல.

அந்த சிரிப்பு மட்டும் ரொம்ப நாளைக்கு மனச விட்டுப் போகல. அப்பதான் தேடிப் படிச்சேன், 1932ல அமெரிக்கால லிண்ட்பர்க்னு ஒரு பிரபல விமானியோட குழந்தைய கடத்துன வழக்குல ஏணி மரத்த வச்சு சாட்சி சொன்ன ஆர்தர் கோலருக்கும் இதே கதி. 1935ல விசாரணை நடந்தப்ப மர நிபுணர்னு ஒருத்தர் உலகத்துலயே கிடையாதுன்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிச்சிருக்காரு. ஜட்ஜ் அத ஏத்துக்கல, ஏணியோட ஒரு சட்டம் குற்றவாளி வீட்டு மச்சுப் பலகைல இருந்து அறுத்ததுன்னு கோலர் காட்டுனாரு. அதைவிட எனக்கு தெம்பு குடுத்தது மேல சொன்ன கொலராடோ நாரிஸ்தான். ஹார்மோன் ஆராய்ச்சிக்காரர் அவரு, அதே பல்கலைக்கழகத்து தாவரவியல் பேராசிரியை ஜேன் பாக் கூட சேந்து, இறந்தவங்க வயித்துல உள்ள செடி செல்ல வச்சு கடைசியா என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்ற வேலைய பல வழக்குல செஞ்சிருக்காங்க. ரெண்டு துறையையும் ஒரே வாழ்க்கைல வச்சுக்கிட்ட ஒரு ஆள் இருக்காருன்னு தெரிஞ்சதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சம்மன் வந்த அன்னைக்கே இது தெரிஞ்சிருந்தா எவ்வளவோ தைரியமா ஏறியிருப்பேன்.

வழக்குல தண்டனை ஆச்சு. நகை மீட்டது, டாக்டர் சாட்சி, லேப் அறிக்கை எல்லாம் சேந்துதான், அதுல என் விதையும் ஒண்ணு. இப்பவும் கவர் வரத்தான் செய்யுது, வாங்கத்தான் செய்யுதேன், ஆனா முன்னாடியே பிரின்சிபால்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, சம்மன் வந்தா ஆன் டியூட்டின்னு அதுலயே எழுதி வாங்கிக்கிடுதேன். பாட்டனி அக்காவையும் சேத்து ரெண்டு பேர் கையெழுத்துலதான் அறிக்கை போவுது. மீன் வேலைய முதல்ல இருந்து தொடங்கிருக்கேன். ஒவ்வொரு மீன் பிளாஸ்மாவையும் சின்னச் சின்னக் குழாய்ல பிரிச்சு, பாதி எங்க ஃப்ரீசர், பாதி வேற ஊர்ல ஒரு ஃப்ரெண்டோட லேப். கரண்ட் போனா போனுக்கு மெசேஜ் வர்ற ஒரு கருவிய ஃப்ரீசர்ல மாட்டிருக்கேன், விலை ரெண்டாயிரத்துச் சொச்சம்தான், வாங்கி வச்சுக்கோங்க.